என்பும் தசையும் காட்டும் காந்தப் படிமங்களில் திரிவுக் காட்சி

காட்சியளவையே ஏனை அளவைகட்கு அடிப்படை என்பது அளவை நூலார் கொள்கை. அக்காட்சியும் வழுவுறும் என்பதனை அவர்கள் மறந்தாரல்லர். மணிமேகலையின் சமயக் கணக்கர்தந் திறங்கேட்ட காதையில் அளவைவாதி அளவைகள் பத்தினைக் கூறியபின், அவற்றின் போலிகள் எட்டினையும் எண்ணிக் காட்டுகின்றான். அவற்றுள் ஒன்று திரியக் கோடல். இப்பியை வெள்ளியெனக் கொள்ளுதல் அதற்கு ஆண்டுத் தரப்படும் எடுத்துக்காட்டு. சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியும் ஐயக் காட்சியையும் திரிவுக் காட்சியையும் மாசறு காட்சியினின்று பிரித்து வைக்கின்றது.

இப்பழஞ் சொற்களை யாம் ஈண்டு நினைவுகூர்தற்குக் காரணம் உண்டு. எம்.ஆர்.ஐ. என்று மக்கள் வழங்கும் காந்த ஒத்ததிர்வுப் படிமம், எலும்பு, தசை, மூட்டு ஆகியவற்றின் நோய்களை அறிதற்கு இன்று பெரிதும் கையாளப்படுகின்றது. அப்படிமங்களில் உடலில் இல்லாத கோடும், இல்லாத ஒளியும், இல்லாத இருளும் தோன்றுவதுண்டு. மேலைநாட்டார் இவற்றை ‘ஆர்ட்டிஃபேக்ட்’ என்பர். அதே சொல்லைத் தொல்பொருளாய்வாளர் பண்டை மக்கள் செய்த கலத்திற்கும் கருவிக்கும் வழங்குவர். அதனைச் ‘செயற்கைப் பொருள்’ என்று பெயர்த்தால் படிமத்திற்குப் பொருந்தாது. ‘பிழை’ என்றாலோ, கருவியின் பிழையா, கருவியை இயக்கினார் பிழையா என்னும் வினா எழும். பெரும்பாலும் இருவர் பிழையும் அன்று. திரிவு என்பதோ, உள்ள பொருளொன்று வேறாகத் தோன்றுதலைக் குறிக்கும் சொல். இப்பி உள்ளது, வெள்ளிதான் இல்லை. யாம் கூறப்புகும் பொய்த்தோற்றங்களுட் பெரும்பாலன இத்தன்மையவே ஆதலின், அவற்றைத் திரிவு என்றே இக்கட்டுரையில் வழங்குவாம்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. நலமாயுள்ள தசைநாண் ஒன்று கிழிந்ததாகப் படிமத்தில் தோன்றுமாயின், தேவையற்ற அறுவைக்கு ஒருவர் ஆளாதல் கூடும். செயற்கை மூட்டின் அருகே உள்ள உண்மையான கேடு மறைந்து போமாயின், நோயாளி வலியுடனேயே வீட்டிற்கு அனுப்பப்படுதல் கூடும். இத்திரிவுகளைக் குறைத்தற்கு அறிஞர் கண்ட வழிகள் பல. அவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத சூழ்ச்சிகள்போல் தோன்றினும், அவற்றினூடே ஒரு நெறி ஓடுகின்றது என்பதே யாம் காட்ட விழைவது. அந்நெறியாவது: கருவி தன் இயல்பால் ஒரு துணிபினை மேற்கொள்கின்றது, அத்துணிபு பொய்க்குமிடத்துத் திரிவு பிறக்கின்றது, காணும் நிலைமையை மாற்றினால் திரிவு இடமோ உருவோ மாறும், மெய்ப்பொருள் மாறாது நிற்கும் என்பதாம்.

கருவியின் துணிபு

உடலில் மிகுதியாக உள்ளன நீரும் கொழுப்பும். இரண்டிலும் ஹைட்ரஜன் அணுக்கள் நிறைந்துள்ளன. வலிய காந்தப் புலத்தில் அவ்வணுவின் கரு பம்பரம்போல் தலைசுற்றும். புலத்தின் வலிமை ஒரு டெஸ்லா ஆயின் அச்சுழற்சி நொடிக்கு 4 கோடியே 25 இலட்சத்து 80 ஆயிரம் முறை நிகழும். மருத்துவ மனைகளிற் பரவலாக உள்ள 1.5 டெஸ்லா கருவியில் அஃது ஏறத்தாழ 6 கோடியே 39 இலட்சம் முறை. 3 டெஸ்லா கருவியில் அதன் இருமடங்கு. அதே அதிர்வெண்ணுடைய வானொலி அலையை ஒருகணம் செலுத்தி நிறுத்தினால், அக்கருக்கள் தாமும் மெல்லியதொரு குறிகையை வெளியிடுகின்றன. அதனை உடலின் அருகில் வைத்த கம்பிச்சுருள் ஏற்கின்றது.

உடலெங்கும் ஒரே வலிமையுடைய புலம் இருந்தால் எல்லாக் கருக்களும் ஒரே சுருதியில் ஒலிக்கும். எக்குறிகை எவ்விடத்தது என்று அறிய வழியில்லை. 1973ஆம் ஆண்டில் பால் லாட்டர்பர், புலத்தின் வலிமையை ஒரு திசையில் படிப்படியாக ஏறச் செய்து, அதனால் இடத்திற்கேற்பச் சுருதி வேறுபடுமாறு அமைத்துப் படிமம் பெற்றார். யாழின் நரம்புகள் நீளத்தால் வேறுபட்டு வெவ்வேறு சுருதி தருகின்றன. யாழைக் காணாமல் ஒலியை மட்டும் கேட்பவனும் எந்நரம்பு மீட்டப்பட்டது என்று சொல்லிவிடுவான். எம்.ஆர்.ஐ. கருவி அத்தகைய கேள்வியாளனே. மற்றொரு திசையில் இடத்தை அறிதற்கு, ஒவ்வொரு முறையும் சுழற்சியின் கட்டத்தைச் சிறிது சிறிதாக மாற்றி அளவெடுத்தலைப் பன்முறை நிகழ்த்துவர். இரு திசையினையும் இணைத்து ஃபூரியர் கணிதத்தால் படிமமாக்கும் முறையை அனில் குமார், டீட்டர் வெல்ட்டி, ரிச்சர்டு எர்ன்ஸ்ட் ஆகியோர் 1975இல் வெளியிட்டனர். அவருள் அனில் குமார் பின்னர்ப் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தில் பணியாற்றியவர்.

சுருதியே இடம் என்பது கருவியின் துணிபு. நரம்பொன்று நெகிழ்ந்துவிடின் கேள்வியாளன் அதனைப் பக்கத்து நரம்பென்றே சொல்வான். அவன் செவியிற் குறையில்லை, கணக்கிலும் குறையில்லை.

கொழுப்பின் இடப்பெயர்ச்சி

நெகிழ்ந்த நரம்பு உடலிலேயே உள்ளது. அதுவே கொழுப்பு. கொழுப்பிலுள்ள ஹைட்ரஜனைச் சூழ்ந்த மின்னணுக்கள் அதனைப் புறப்புலத்தினின்று சற்றே மறைக்கின்றன. ஆதலின் அது நீரிலுள்ளதைவிடப் பத்து இலட்சத்தில் 3.5 பங்கு மெல்லச் சுழல்கின்றது. மிகச் சிறிய வேறுபாடுதான். எனினும் 1.5 டெஸ்லாவில் அது நொடிக்கு ஏறத்தாழ 220 சுழற்சியாகும். கருவி ஒரு படப்புள்ளிக்கு 125 சுழற்சி வீதம் பகுத்து வைத்திருப்பின், கொழுப்பு தன் மெய்யிடத்தினின்று ஒன்றே முக்காற் புள்ளி விலகித் தோன்றும். 160 மில்லிமீட்டர் பரப்பை 256 புள்ளிகளாகப் பகுத்த முழங்காற் படிமத்தில் அது 1.1 மில்லிமீட்டர், 3 டெஸ்லாவில் 2.2 மில்லிமீட்டர். முழங்காலின் குருத்தெலும்பே சில மில்லிமீட்டர் கனமுடையதுதான் என்பதை எண்ணினால் இவ்விலகலின் அளவு விளங்கும்.

எலும்பின் உட்புறம் மச்சையால் நிரம்பியது. வளர்ந்தாரிடத்து அதிற் பெரும்பகுதி கொழுப்பு. (சித்த மருத்துவ நூல்கள் கூறும் ஏழு உடற்கட்டுகளுள் என்பினை அடுத்து எண்ணப்படும் ‘மூளை’ தலையினுள் இருப்பதன்று, என்பினுள் நிறைந்த இம்மச்சையே. சொற்பொருள் சுருங்கியமைக்கு இஃதொரு சான்று.) மச்சை ஒருபுறமாக விலகித் தோன்றவே, மூட்டின் ஒரு கரையில் எலும்பின் மேலோடு தடித்தும் எதிர்க் கரையில் மெலிந்தும் காணப்படும். தேய்வு நோயை ஆராய்வார் இதனை நம்பி அளவெடுத்தல் ஆகாது.

இதனைக் குறைத்தற்கு நேரிய வழி, ஒரு புள்ளிக்குரிய பட்டையகலத்தை மிகுத்தல். 125ஐ 250 ஆக்கினால் விலகல் பாதியாகும். ஆனால் பட்டை அகன்ற அளவு இரைச்சலும் உட்புகும். குறிகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் பழைய அளவில் நூற்றுக்கு 71 பங்காகக் குறையும். இவ்வணிகம் இத்துறை முழுதும் காணப்படுவது. ஒன்றைக் கொடாமல் மற்றொன்றைப் பெறுதல் அரிது. கொழுப்பின் குறிகையை அறவே நீக்கிவிடுதல் மற்றொரு வழி. நீரையும் கொழுப்பையும் இருவேறு படிமங்களாகப் பிரிக்கும் முறையை டிக்சன் 1984இல் வெளியிட்டார். ஐயம் தெளிதற்கு எளிய வழியும் ஒன்று உண்டு: சுருதியால் இடம் அறியும் திசையையும் கட்டத்தால் இடம் அறியும் திசையையும் தம்முள் மாற்றி மீண்டும் படமெடுத்தால், தடித்த மேலோடு திரிவாயின் வேறு பக்கத்திற்குப் போய்விடும்.

அசைவும் குருதித் துடிப்பும்

சுருதியை அளத்தற்குச் சில மில்லி நொடிகளே போதும். கட்டத்தை மாற்றி மாற்றி அளத்தற்கோ நிமிடக் கணக்கிற் செல்லும். ஆகவே படமெடுக்கும்பொழுது ஒரு பொருள் அசையின், எத்திசையில் அசைந்தாலும் அதன் பேய்நிழல்கள் கட்டத் திசையிலேயே வரிசையாக வீழும். நோயாளி காலை அசைக்காமல் இருத்தல் கூடும். முழங்காலின் பின்புறம் ஓடும் தமனியின் துடிப்பை யார் நிறுத்த வல்லார்? கட்டத் திசை முன்பின்னாக அமையின், அத்தமனியின் நிழல்கள் சிலுவைத் தசைநார்களின் மேலும் குருத்தெலும்பின் மேலும் வந்து படியும். திசையை மேல்கீழாக மாற்றினால் அவை மூட்டினை விட்டு அகலும். அகன்றபின், படப்பரப்பிற்கு வெளியே நீண்டுள்ள தொடையும் கணைக்காலும் மடிந்து எதிர்ப்புறத்தில் வந்து விழும் வேறொரு திரிவு நேரும். அதனைப் பரப்பிற்கு அப்பாலும் அளவெடுத்து விலக்குவர். தமனியின் மேற்பகுதியிலேயே குருதியின் குறிகையை முன்கூட்டி அழித்துவிடுதலும் வழக்கம். 1999இல் பைப் என்பார் வெளியிட்ட, அளவெடுக்கும் பட்டையைக் காற்றாடிபோற் சுழற்றும் முறையில் அசைவைக் கண்டு திருத்தவும் இயலும்.

அளவெடுத்தலைப் போதிய அளவு நிகழ்த்தாது இடையில் நிறுத்தினால் நேரும் திரிவு கணித நூலார் நன்கறிந்தது. கூரிய விளிம்பொன்றை வரம்புடைய எண்ணிக்கையினவான அலைகளால் அமைக்கப் புகின், விளிம்பின் அருகே உயரத்தில் நூற்றுக்கு 9 பங்களவு மிகை தோன்றி, அலையலையாகத் தணியும். கிப்சு 1899இல் விளக்கிய இதனை வில்பிரகாம் 1848இலேயே கண்டிருந்தார். பெயர் மட்டும் பின்னவர்க்கு வாய்த்தது. முழங்காலில் பிறை வடிவக் குருத்தெலும்பு இருண்டும், அதன்மேற் படிந்த குருத்து ஒளிர்ந்தும் தோன்றும். அவ்வெல்லையில் எழும் அலையொன்று பிறையினுள் மெல்லிய வெண்கோடாக வீழ்ந்து கிழிவினைப் போலவே காட்டும். கட்டப் படிகள் 128 ஆயினவிடத்து இது மிகுதி. 256 ஆக்கினால் கோடு மெலிந்து எல்லையை நெருங்கும். காலம் இருமடங்காகும். உண்மையான கிழிவு படிகளை மிகுத்தலால் இடம்பெயராது.

மாயக் கோணம்

இதுகாறும் கூறியவற்றில் படிமமே பொய் சொல்லிற்று. இனிக் கூறப்புகுவதில் படிமம் மெய் சொல்கின்றது. பொய் சொல்வது எம் கருத்து. எலும்பு, தசைப் படிமங்களில் இதனினும் நுண்ணிய திரிவு இல்லை ஆதலின் சற்று விரித்துரைப்பாம்.

தசையை எலும்போடு பிணிக்கும் தசைநாண் படிமத்திற் கரியதாகத் தோன்றும். அதன்கண் நீர் இல்லாமையால் அன்று. கொலாஜன் என்னும் புரத இழைகள் ஒரே திசையில் நெருங்கிக் கிடக்க, அவற்றைப் பற்றிய நீர் மூலக்கூறுகளும் அவ்வொழுங்கிற்குக் கட்டுப்பட்டுக் கிடக்கின்றன. ஒரு மூலக்கூற்றின் இரு ஹைட்ரஜன் கருக்களும் ஒன்றன் புலத்தை மற்றொன்று கலைத்தலால் அவற்றின் குறிகை மிக விரைவில் தேய்ந்தொழிகின்றது. கருவி செவிசாய்க்கும் முன்னரே ஒலி அடங்கிவிடுகின்றது. தசைநாண் கிழிந்து அவ்விடத்து நீர் புகுந்தால், அந்நீர் கட்டற்றதாதலின் நெடுநேரம் ஒலிக்கும், வெண்மையாகத் தோன்றும். எனவே கரிய நாணின் இடையே வெண்மை கண்டால் கிழிவோ அழற்சியோ உண்டெனக் கருதுவது மருத்துவர் வழக்கம்.

இக்கருதலில் ஓர் ஓட்டை உண்டு. இரு கருக்களும் ஒன்றையொன்று கலைக்கும் வலிமை, இழை காந்தப் புலத்தோடு அமைக்கும் கோணத்தைப் பொறுத்தது. அக்கோணத்தின் கோசைன் மதிப்பை இருமுறை பெருக்கி, அதனை மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் அவ்வலிமையின் அளவு கிடைக்கும். இழை புலத்திற்கு இணையாயின் அவ்வெண் 2. செங்குத்தாயின் கழித்தல் 1. இடையில் ஓரிடத்தில் அது சுழியாதல் வேண்டுமன்றோ? அவ்விடம் 54.7 பாகை. அக்கோணத்தில் கிடக்கும் நாணில் கலைப்பு அடங்குகின்றது; குறிகை நெடிது நிற்கின்றது. கொலாஜனைப் பற்றிய நீரின் இப்பண்பினைப் பெரண்ட்சன் 1962இலேயே ஆராய்ந்திருந்தார். எம்.ஆர்.ஐ. மருத்துவத்திற்கு வருமுன்னரே அறியப்பட்ட உண்மை, நோயறிதலில் இடர் தரக்கூடும் என்று உணரப்பட்டது பின்னரே. ஃபுல்லர்ட்டனும் அவர்தம் துணைவரும் 1985இல் தசைநாணைப் புலத்தில் பல கோணங்களில் வைத்து அளந்தபொழுது, இணையாக இருக்கையில் ஒரு மில்லி நொடிக்கும் குறைந்திருந்த தேய்வுக் காலம் 55 பாகையளவில் இருபது மில்லி நொடியளவிற்கு நீண்டது.

குழாய் வடிவக் கருவியில் புலம் தலையினின்று காலை நோக்கிச் செல்லும். தோட்பட்டை எலும்பின் மேலிருந்து புயவெலும்பின் தலைக்கு வளைந்து செல்லும் சுப்ராஸ்பினேட்டஸ் தசையின் நாண், தான் பற்றுமிடத்திற்குச் சற்று முன்னர் இக்கோணத்தைக் கடக்கின்றது. தோள்நாண்கள் மெய்யாகவே கிழியும் இடமும் அதுவே. இயற்கை இதனினும் கொடிய பொறியை வைத்தல் அரிது. புறக்கணுக்காலைச் சுற்றிப் பாதத்திற்குத் திரும்பும் நாண்களும் அவ்வாறே திரும்புமிடத்தில் வெண்மை கொள்ளும்.

இது காட்சித் திரிவா? குறிகை மெய்யாகவே அந்நாணினின்று எழுந்தது. எழுந்த இடத்திலேயே காட்டப்பட்டது. வெண்மை கண்டு கிழிவெனக் கொண்டதே தவறு. ஆதலின் இதனைக் காட்சியின் வழுவாகக் கொள்ளாது கருதலளவையின் வழுவாகக் கொள்ளுதலே பொருந்தும் என்பது எம் கருத்து. புகை கண்டு தீயெனக் கொள்பவன், புகையன்றிப் பனியே அங்கு உளதாயின் ஏமாறுவான் அல்லனோ? இவ்வேறுபாடு நடைமுறைக்கும் உதவுகின்றது. காட்சி வழுவுற்றால் கருவியைத் திருத்தல் வேண்டும்; கருதல் வழுவுற்றால் புகையையும் பனியையும் பிரிக்கும் மற்றொரு குறியைத் தேடல் வேண்டும்.

அக்குறி எதிரொலிக் காலம், அஃதாவது அலையைச் செலுத்தியபின் கருவி குறிகையைக் கேட்டற்குக் காத்திருக்கும் இடைவெளி. மாயக் கோணத்து நாணின் தேய்வுக் காலம் 20 மில்லி நொடி எனக் கொள்வோம். 15 மில்லி நொடியிற் கேட்டால் அதன் குறிகையில் நூற்றுக்கு 47 பங்கு எஞ்சியிருக்கும். படிமத்தில் வெண்மை விளங்கும். 80 மில்லி நொடி பொறுத்துக் கேட்டால் எஞ்சுவது 2 பங்கிற்கும் குறைவு. கிழிவிற் புகுந்த நீரின் தேய்வுக் காலம் 500 மில்லி நொடியாயின், அந்த 80 மில்லி நொடிக்குப் பின்னும் 85 பங்கு நிற்கும். குறுகிய காலப் படிமத்தில் இரண்டும் வெண்மை. நெடிய காலப் படிமத்தில் ஒன்றே வெண்மை. இரண்டையும் அருகருகே வைத்துக் காண்பார்க்கு ஐயமில்லை. உறுப்பின் கிடையை மாற்றுதலும் தகும்: பாதத்தை ஏறத்தாழ 20 பாகை கீழ்நோக்கி மடக்கி வைத்தால் கணுக்கால் நாண்களிற் பல மாயக் கோணத்தைத் தப்பிவிடும். மருந்தும் செலவும் வேண்டாத இவ்வுத்தி, ஒரு தலையணைத் துண்டால் முடிவது.

உலோகத்தின் அருகே

எலும்பு முறிவிற்கு வைத்த திருகாணியும், தேய்ந்த மூட்டிற்கு மாற்றாக வைத்த உலோக மூட்டும் உடையார் இன்று பலர். அன்னாரின் படிமங்களில் உலோகத்தைச் சூழப் பெரியதோர் இருளும், அதன் ஓரங்களில் கண்ணைப் பறிக்கும் வெண்மையும், நேர்க்கோடுகளின் வளைவும் தோன்றும். உடலின் மென்றிசுக்கள் நீரினைப்போலக் காந்தப் புலத்தை மிகச் சிறிதளவு எதிர்ப்பன. அவ்வேற்புத்திறன் பத்து இலட்சத்தில் கழித்தல் 9 அளவினது. டைட்டேனியத்திற்கு அது 180 அளவு. கோபால்ட்டும் குரோமியமும் கலந்த உலோகத்திற்கு 900 அளவு. எஃகிற்கு அதனினும் பல மடங்கு. இரு பொருள்களும் கூடுமிடத்தில் புலம் சிதைகின்றது. யாழின் உவமையிற் கூறின், ஒரு நரம்பு நெகிழ்ந்தது என்பதனோடு நில்லாது, ஒருபுறத்து நரம்புகள் அனைத்தும் தாறுமாறாக முறுக்கப்பட்டன. வெவ்வேறிடத்து நரம்புகள் பல ஒரே சுருதியில் ஒலிக்க, கேள்வியாளன் அவற்றையெல்லாம் ஓரிடத்திற் குவிக்கின்றான், அதுவே வெண்மை. அவை விட்டு நீங்கிய இடம் இருளாகின்றது.

ஈண்டுத் திரிவோடு இழப்பும் கலந்துள்ளது. ஒரு படப்புள்ளிக்குள்ளேயே கருக்கள் பல வேகத்தில் சுழன்று தம்முள் முரணிக் குறிகையை அழித்துவிடும். இவ்வழிவை மீட்க வழிகாட்டியவர் எர்வின் ஹான். அவர் 1950இல் கண்டதே தற்சுழற்சி எதிரொலி. ஒரே வாயிலிற் புறப்பட்டு விரைந்தும் மெல்லவும் நடந்து பிரிந்த வழிச்செல்வோர் அனைவரும், குறித்ததொரு கணத்தில் திரும்பித் தத்தம் பழைய வேகத்திலேயே நடந்தால், ஒரே பொழுதில் வாயிலை அடைவர். இரண்டாவது வானொலி அலை அவ்வாறு கருக்களைத் திருப்புகின்றது. உலோகம் உடையார்க்கு இவ்வலையைப் பயன்படுத்தாத விரைவு முறைகளைத் தவிர்த்தல் வேண்டும் என்பது இதனால் விளங்கும். எனினும் எதிரொலி மீட்பது அழிந்த குறிகையை மட்டுமே. தவறான சுருதி தவறான சுருதியாகவே நிற்கும்.

அதனைக் குறைத்தற்குப் பட்டையகலத்தை மிகுப்பர். புலம் பத்து இலட்சத்தில் 10 பங்கு சிதைந்த இடத்தில், 1.5 டெஸ்லா கருவியில் சுருதி நொடிக்கு 640 அளவு பிறழும். புள்ளிக்கு 125 ஆயின் ஐந்து புள்ளி விலகல். 500 ஆயின் ஒன்றேகால் புள்ளி. 3 டெஸ்லா கருவியில் பிறழ்ச்சி இருமடங்காதலின், கூடுமாயின் வலிமை குறைந்த கருவியையே தெரிதல் நன்று. விலையுயர்ந்தது எதற்கும் சிறந்தது என்னும் எண்ணம் ஈண்டுச் செல்லாது. கொழுப்பை அதன் சுருதியால் அடையாளங்கண்டு அழிக்கும் முறை, சுருதியே குழம்பிய இவ்விடத்திற் பொய்க்கும். அழியாது எஞ்சிய கொழுப்பு வீக்கம்போல் ஒளிரும். பைடரும் யங்கும் 1985இல் எழுதிய தலைகீழாக்கி மீட்கும் முறை, சுருதியை நோக்காமல் கொழுப்பு மீளும் காலத்தை நோக்குவதாதலின் தப்பிப் பிழைக்கின்றது. காடோலினியம் கலந்த மருந்தை ஊசிவழி ஏற்றியபின் அம்முறையைக் கையாளுதல் கூடாது. மருந்தை ஏற்ற நோயுற்ற திசுவும் கொழுப்பளவு விரைந்து மீளுமாதலின் அதுவும் உடன் அழிந்துவிடும்.

இவற்றால் தீராத பகுதி ஒன்று உண்டு. படத்திற்கெனத் தெரிவு செய்யும் தளமும் சுருதியாலேயே தெரியப்படுதலின், உலோகத்தின் அருகே அத்தளமே வளைந்து மடிகின்றது. சோவும் அவர்தம் துணைவரும் 1988இல் நோக்குக் கோணத்தைச் சாய்க்கும் முறையைத் தந்தனர். அது தளத்தினுள் நேரும் விலகலைத் திருத்தும், படத்தைச் சிறிது மங்கலாக்கும். 2009இல் வெளியான இரு முறைகள் மேலும் சென்றன. செமாக் என்பது ஒவ்வொரு தளத்தின் குறிகையும் மெய்யாக எவ்வெவ் ஆழத்தினின்று வந்தது எனக் கூடுதல் கட்டப் படிகளால் அளந்து, உரிய இடத்தில் திரும்ப வைக்கின்றது. மேவ்ரிக் என்பது சுருதியைப் பல படிகளாக மாற்றி மாற்றிப் பல படிமங்கள் எடுத்து ஒன்றாகச் சேர்க்கின்றது. யாழின் குலைந்த நரம்புகளைக் குலைந்தவாறே ஏற்று, ஒவ்வொன்றையும் தனித்தனி தேடிக் காணும் முறைகள் இவை. காலம் மிக நீளும் என்பதே இவற்றின் குறை.

அக்காலத்தைச் செலவிடுதல் தகுமா என்பார்க்கு 2010ஆம் ஆண்டின் நிகழ்ச்சி விடையாகும். உலோகத்தின்மேல் உலோகம் உராயும் இடுப்பு மூட்டுகளைப் பற்றி ஐக்கிய இராச்சியத்தின் மருத்துவப் பொருள் ஒழுங்குமுறை அமைப்பு அவ்வாண்டு ஏப்ரலில் எச்சரிக்கை விடுத்தது. உராய்வில் உதிர்ந்த நுண்துகள்களால் மூட்டைச் சூழ்ந்த தசையும் திசுவும் கெடுதல் கண்டறியப்பட்டிருந்தது. அக்கேட்டைக் காணவேண்டிய இடம், படிமத்தில் இருள் சூழ்ந்த அவ்விடமே.

இல்வழக்கு

கடந்த சில ஆண்டுகளில் வேறொருவகைத் தோற்றம் வந்து சேர்ந்துள்ளது. காலத்தைச் சுருக்குதற்பொருட்டு அளவீடுகளிற் பலவற்றை விட்டுவிட்டு, விடுபட்டவற்றை முன்னர்க் கற்ற பல்லாயிரம் படிமங்களைக்கொண்டு கணிப்பொறி நிரப்பும் முறை இப்பொழுது பரவி வருகின்றது. நியூயார்க்குப் பல்கலைக்கழக மருத்துவத்துறையும் ஃபேஸ்புக் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவும் இதன்பொருட்டு முழங்காற் படிமங்களின் மூல அளவீடுகளை 2018 முதல் ஆய்வாளர்க்கு வெளியிட்டன. அவ்வரிசையில் 2020இல் மூளைப் படிமங்களை வைத்து நடந்த போட்டியில், மீளாக்கம் சிலவற்றில் உடலில் இல்லாத அமைப்புகள் தோன்றியமையைக் கதிரியல் மருத்துவர்கள் சுட்டினர். பயன் பெரிது என்பதில் ஐயமில்லை. நெடுநேரம் அசையாது கிடக்க இயலாத நோயாளிக்கு இம்முறை பேருதவி. எனினும் இத்தோற்றத்தைத் திரிவு என்றல் பொருந்துமா?

கொழுப்பின் விலகலுக்கும், மாயக் கோணத்திற்கும், உலோகத்தின் இருளுக்கும் அடியில் ஒரு மெய்ப்பொருள் இருந்தது, விதியும் இருந்தது. திசையை மாற்றினோம், காலத்தை நீட்டினோம், அது இடம்பெயர்ந்து தன்னைக் காட்டிக்கொடுத்தது. கணிப்பொறி நிரப்பிய தோற்றத்தின் அடியில் அவ்வாறொரு பொருள் இருத்தல் வேண்டுமென்பதில்லை. பார்வைக்கும் அது இயற்கையான தசையாகவோ குழாயாகவோ இருக்கும். பேய்நிழலின் விகாரம் அதனிடம் இராது. மணிமேகலை கூறும் எட்டுப் போலிகளுள் இல்வழக்கு என ஒன்று உண்டு. முயலுக்குக் கொம்பு உண்டெனப் பிறர் சொல்லக் கேட்டு அதனைத் தெளிந்துகொள்ளுதல் அதன் இலக்கணம். பிற முழங்கால்கள் சொன்னதைக் கேட்டு இம்முழங்காலில் ஒன்றைத் தெளியும் இச்செயலுக்கு, ஆங்கிலத்தார் வழங்கும் ‘ஹாலுசினேஷன்’ என்னும் மனநோய்ச் சொல்லைப் பெயர்த்து மருட்சி என்பதினும், இல்வழக்கு என்பதே ஏற்ற பெயராம் எனத் தமிழ்க் கலைச்சொல்லாக்குநர்முன் வைக்கின்றோம்.

அதனைக் கண்டுபிடிக்கும் வழியும் வேறாகின்றது. குறைந்த அளவீட்டுடன் அதே முறையில் மறுபடியும் படமெடுத்தால், கற்றறிந்த அதே பொறி அதே கொம்பினை மீண்டும் வரைதல் கூடும். விடுபட்ட அளவீடுகளையும் எடுத்து, பொறியின் துணையின்றிப் பழைய ஃபூரியர் கணிதத்தாலேயே மீளாக்கிய படிமத்தோடு ஒப்பிடுதல் வேண்டும். ஐயமுற்ற ஒரு முழங்காலுக்கு அதன்பொருட்டுக் கூடுதலாகச் செல்வது சில நிமிடங்கள்.